92-ன்னு ஒரு நம்பர்

போன மாசம் பக்கத்து வீதிப் பொண்ணு ஒருத்தி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்ச பேப்பர் ஒரு கத்தையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. எம்.எஸ்.டபிள்யூ, அதான் சமூகப்பணி, படிக்கிறா, ப்ராஜெக்ட்டாம். தலைப்பு என்ன கண்ணுன்னு கேட்டேன், "திருமணமான பெண்களோட வேலையும் தன்னம்பிக்கையும்க்கா"ன்னா. நூறு பேர்கிட்ட எழுதி வாங்கணும், வேலைக்குப் போறவங்க ஐம்பது, போகாதவங்க ஐம்பது. "போறவங்க சீக்கிரம் கெடைச்சுட்டாங்கக்கா, போகாதவங்கதான் கெடைக்கவே மாட்டேங்குறாங்க"ன்னு சலிச்சுக்கிட்டா. திருப்பூர்ல அப்படித்தான், காலைல எட்டு மணிக்கு மேல வீதில ஆளப் புடிக்க முடியாது.

அத்தனை பேர் இருந்தும் என்கிட்டயும் ஒண்ணு நீட்டுனா. முதல் பக்கத்துல பேரு வேண்டாம், வயசு, படிப்பு, குழந்தைங்க எத்தனை, அப்புறம் 'பணிபுரிபவர் / பணிபுரியாதவர்' ரெண்டு கட்டம். ரெண்டாவது பக்கத்துல பத்து வாக்கியம். என்மேல எனக்குத் திருப்தி இருக்கா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு எப்பவாச்சும் தோணுதா, இந்த மாதிரி. நாலு பதில்ல ஒண்ண டிக் அடிக்கணும். இது ரோசன்பர்க்னு ஒரு அமெரிக்கச் சமூகவியல்காரர் 1965-ல ஹைஸ்கூல் பசங்களுக்காகப் போட்ட பத்துக் கேள்விங்களாம், இன்னும் உலகம் பூரா இதையேதான் எல்லாரும் எடுத்து ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அன்னைக்குத் தேதி 21. நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்ல கணக்கு எழுதுறேன், மாசாமாசம் 20-க்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பின்னு வரிக் கணக்கு ஏத்தணும், அந்த மாசம் ஒரு பில்லு கணக்கு ஒத்து வராம இழுத்து ராத்திரி ஆயிருச்சு, கடைசில ஏறல, நாளுக்கு 50 ரூபா லேட் ஃபீஸ், காலைல முதலாளி ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. நானும் பணிபுரிபவர்ங்குற கட்டத்துல டிக் அடிச்சுட்டு, எதுக்கும் லாயக்கில்லங்குற கேள்விக்கு 'முற்றிலும் ஆம்'ல ஒரு டிக் அடிச்சேன் பாருங்க, அந்தப் பொண்ணு ப்ராஜெக்ட்டுக்கு என்னால எவ்வளவு சேதாரமோ தெரியல.

அவ போனதுக்கப்புறம்தான் 2018 ஞாபகம் வந்துச்சு. அந்த வருசம் எங்க வீட்டுக்கு ஒருத்தர் டேப்லெட்ட எடுத்துக்கிட்டு கணக்கெடுக்க வந்தாரு. சென்சஸ் இல்ல, மத்திய அரசு 2017-ல இருந்து எடுக்குற வேலைவாய்ப்பு சர்வே. அப்ப நான் வேலைய விட்டு அஞ்சு வருசம் ஆயிருந்துச்சு. வீட்ல இருக்குற ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு, போன ஒரு வருசத்துல பெரும்பாலும் என்ன செஞ்சாங்கன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு 31, எம் மகளுக்கு 91, எனக்கு 92. மனுசன் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே அமுத்துனாரு. அதென்ன சார் 92ன்னு கேட்டேன், "வீட்டு வேலை மட்டும் பாக்குறவங்க மேடம்"னாரு.

அவர் போனப்புறம் மொபைல்ல அந்த லிஸ்ட்டத் தேடி எடுத்துட்டேன், எனக்குக் கொஞ்சம் அந்தக் கிறுக்கு உண்டு. 11 சொந்தத் தொழில், 12 ஆள் வச்சுத் தொழில் பண்றவங்க, 21 குடும்பத் தொழில்ல சம்பளமில்லாம கூடமாட ஒத்தாசை பண்றவங்க, 31 மாசச் சம்பளம், 51 கூலி, 81 வேலை தேடுறவங்க. இதுவரைக்கும்தான் அவங்க கணக்குல உழைக்கிற படை. அதுக்குக் கீழ 91 படிக்கிறவங்க, 92 வீட்டு வேலை, 93 வீட்டு வேலையோட வெறகு பொறுக்குறது, வீட்டுத் துணி தைக்கிறது, இந்த மாதிரி செய்றவங்க, 94 வாடகையும் பென்ஷனும் வாங்கிச் சாப்புடுறவங்க, 95 ஒடம்பு முடியாதவங்க, 97 மத்தவங்க, இதுக்குள்ளதான் பிச்சை எடுக்குறவங்களும் வர்றாங்க. அதாவது விடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சு ராத்திரி பத்தரைக்கு அடுப்பு தொடைச்சுட்டுப் படுக்குற நானும், வாடகை வாங்கிக்கிட்டு ஈஸிச் சேர்ல இருக்குற எங்க வீட்டு ஓனரும் கோட்டுக்கு ஒரே பக்கம். இதைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டே 2010-ல ஒரு விபத்து நஷ்டஈடு கேஸ்ல வருத்தப்பட்டுப் பேசியிருக்கு, 2001 சென்சஸ்ல வீட்டு வேலை பாக்குற பொம்பளைங்களப் பிச்சைக்காரங்க, ஜெயில் கைதிங்களோட சேத்து உழைக்காதவங்கன்னு போட்டது என்ன நியாயம்னு.

அதே அரசாங்கம்தான் இன்னொரு கணக்கும் எடுத்துச்சு, 2019-ல, யாரு எதுக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செய்ற பொம்பளைங்க அதுக்கு நாளுக்கு 299 நிமிசம், ஆம்பளைங்க 97 நிமிசம். அட பரவால்லயே ஒன்றரை மணி நேரம் செய்றாங்களேன்னு நெனைக்காதீங்க, அது வீட்டு வேலைல கை வைக்கிற ஆம்பளைங்களோட சராசரி மட்டும்தான், அப்படிக் கை வைக்கிறவங்களே 26 சதவீதம்தான். 2024-ல மறுபடி எடுத்தப்ப 289, 88. நமக்குப் பத்து நிமிசம் கொறைஞ்சிருக்கு, அவங்களுக்கு ஒம்போது நிமிசம் கொறைஞ்சிருக்கு. மிக்ஸி, வாஷிங்மெஷின் புண்ணியமா இருக்கும், வேற யாரும் வந்து எடுத்துச் செஞ்ச மாதிரி தெரியல.

சரி, நான் சொல்ல வந்தது 92 ஆனதுனால என் தைரியம் போச்சுன்னு இல்ல. கூர்ந்து பாத்தா 31-ஆ இருந்தப்பவே எனக்கு அது இருந்துச்சான்னு சந்தேகம்.

பி.காம் முடிச்சதும் 2006-ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்தேன். மூணு வருசத்துல கல்யாணம். அவரு சாயப்பட்டறைல சூப்பர்வைசர். 2011 ஜனவரி கடைசில நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி விடுறாங்கன்னு ஹைகோர்ட் ஒரே உத்தரவுல பட்டறைங்கள மூடச் சொல்லிருச்சு, 700-க்கும் மேல. காலைல வேலைக்குப் போன மனுசன் மத்தியானம் தூக்குப்போசிய அப்படியே திருப்பிக் கொண்டாந்தாரு. அதுக்கப்புறம் ஏழெட்டு மாசம் வீடு ஓடுனது என் சம்பளத்துல. வாடகை, பால், மகளுக்கு செரலாக், எல்லாம்.

அப்ப நான் எப்படி இருந்திருக்கணும்? ஆனா நான் என்ன பண்ணேன்னா, ஒண்ணாந்தேதி சம்பளக் கவர அப்படியே அத்தைகிட்ட குடுத்துட்டு, பஸ்ஸுக்கு வேணும்னு அதுலருந்து முன்னூறு ரூபா கேட்டு வாங்கிப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லல. அவரு மனசு நொந்துருமேன்னு நானா செஞ்சது. ஆபீஸ்ல இங்க்ரிமெண்ட் போட்டத வீட்ல சொல்லவே இல்ல, ஏதோ தப்பு பண்ணவ மாதிரி ரெண்டு மாசம் மறைச்சு வச்சேன். அவரு தாடி வளத்துக்கிட்டு, சொந்தக்காரங்க விசேசத்துக்குப் போறத நிறுத்திட்டு, டீக்கடைக்குக் கூட சுத்துவழில போய்ட்டு வந்தாரு, தெரிஞ்சவங்க யாராச்சும் "இப்ப என்னங் பண்றீங்க"ன்னு கேட்டுருவாங்கன்னு. அந்தப் பயத்த அன்னைக்கு நான் அவருகிட்ட பாத்தேன். ரெண்டு வருசம் கழிச்சு அதே பயம் எனக்கு வந்தப்பதான் எனக்கே புரிஞ்சுச்சு. ஒரு வித்தியாசம், அவரு வேலையில்லாம இருந்தப்ப ஊரே பாவம்னுச்சு, நான் வேலைய விட்டப்ப "அதான் நல்லது, புள்ளைங்களப் பாத்துக்கலாம்"னாங்க.

2013-ல பையன் பொறந்தான். அப்ப மூணு மாசம்தான் லீவு, 26 வாரம் ஆனது 2017-ல சட்டத்த மாத்துனப்புறம். அந்த மூணு மாசத்துக்கே எங்க ஆபீஸ்ல மூஞ்சியத் திருப்புனாங்க. பாத்துக்க ஆளில்ல, விட்டுட்டேன்.

வீட்ல இருந்த எட்டு வருசத்துல என்ன கொறைஞ்சுச்சுன்னு ஒண்ணு சொல்றேன். பேங்க்ல செலான் நெரப்பக் கை நடுங்கும். நெசமாத்தான். ஒரு காலத்துல நாளுக்கு இருபது செக் எழுதுனவ, ஒருநாள் மகளுக்கு அக்கவுண்ட் ஆரம்பிக்கப் போய், தொழில்ங்குற எடத்துல ஹவுஸ் ஒய்ஃப்னு எழுதிட்டு, கையெழுத்துப் போடுற எடத்துல எந்தக் கையெழுத்துப் போட்டேன்னு மறந்து நின்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு "சார் வரலீங்களா மேடம்"னு கேட்டா. வரலீங்கன்னு சொல்லிட்டு ஃபார்ம மடிச்சுப் பைல வச்சுக்கிட்டு வந்துட்டேன். மறுநாள் அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். இது யாரும் என்னை மட்டம் தட்டி வந்ததில்ல. எங்க வீட்ல யாரும் ஒரு சொல்லு சொன்னதில்ல. தெனமும் நூறு வேலை செஞ்சாலும், செஞ்சது சரியா தப்பான்னு சொல்ல வெளிய ஒரு ஆள் இல்லன்னா, கொஞ்சங்கொஞ்சமா நமக்கே நம்ம மேல சந்தேகம் வந்துருது போல. கொழம்புல உப்பு கூடுனா மட்டும்தான் ரிப்போர்ட் வரும்.

இதுக்கு நேர்மாறா ஒருத்திய சொல்றேன். எங்க காம்பவுண்ட்ல ஒரு அக்கா இருந்தாங்க, தேனிப் பக்கம், ஆறாங்கிளாஸ் படிப்பு, ஓவர்லாக் டைலர். முதல்ல டைலருக்கு ஒத்தாசையா இருக்குற கைமடியா சேந்து, பாத்துப் பாத்தே மிஷின் ஓட்டக் கத்துக்கிட்டவங்க. அவங்க பேசுறதக் கேக்கணும் நீங்க. காண்ட்ராக்டர் வீட்டு வாசல்லயே வந்து நிப்பாரு, "நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் பாத்துக் குடும்மா, லோடு நிக்குது"ம்பாரு. இந்தம்மா துணி காயப்போட்டுக்கிட்டே திரும்பிக்கூடப் பாக்காம, "பீஸுக்கு இருபது பைசா சேத்துக் குடுங்க, இல்ல வேற ஆளப் பாருங்க"ம்பாங்க. அவரு முனகிக்கிட்டே சரிம்பாரு. எனக்கு டிகிரி இருக்கு, கம்ப்யூட்டர்ல டேலி கணக்குப் போடத் தெரியும், என் முதலாளிகிட்ட ஒருநாளும் நான் அப்படிப் பேசுனதில்ல. ஏன்னா அந்தக்கா இந்தக் கம்பெனி இல்லன்னா நாளைக்குக் காலைல எதுத்த கம்பெனில உக்காந்துருவாங்க, கேட்டுக்குக் கேட்டு 'டைலர்கள் தேவை' போர்டு தொங்குது. எழுந்து போறதுக்கு ஒரு எடம் இருக்குங்குற தெம்பு அது. சனிக்கிழமை சம்பளத்த வாங்கி, பஸ்ஸுலயே மடில வச்சு, குழுக் கடனுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவுன்னு தனித்தனியாச் சுருட்டிருவாங்க, வீட்டுக்குள்ள போறப்ப கைல மிச்சமிருக்குறதுதான் புருசன் கண்ணுக்குத் தெரியுற சம்பளம்.

இன்னொருத்தி என் கூடப் படிச்சவ. அரசு ஸ்கூல் டீச்சர். நான் ஆயுசுக்கும் தொட முடியாத சம்பளம். அவ ஏடிஎம் கார்டு அவ வீட்டுக்காரர் பர்ஸ்ல இருக்கு, கல்யாணம் ஆனதுலருந்து. அவ தம்பி கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் போடணும்னு ஆசப்பட்டு, அதைக் கேக்குறதுக்கு நல்ல நேரம் பாத்துக்கிட்டு மூணு வாரம் இருந்தா. ஸ்கூல்ல ஐந்நூறு புள்ளைங்க முன்னாடி மைக் புடிச்சுப் பேசுறவ. அந்த ப்ராஜெக்ட் பொண்ணு பேப்பர்ல இவளும் 'பணிபுரிபவர்'தான், தேனி அக்காவும் 'பணிபுரிபவர்'தான்.

அதனால வேலை இருந்தா தைரியம், இல்லன்னா இல்லன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அதுக்காக வேலையே முக்கியமில்ல, மனசுதான் எல்லாம்னு வாட்ஸப்ல அனுப்புறவங்களப் பாத்தா அத விடக் கோவம் வரும். காசு வேணும். அந்தக் காசு நம்ம கைக்கு வந்து, நம்ம கைலயே கொஞ்ச நேரமாச்சும் நிக்கணும். அதுக்கு இந்த ஊர்ல பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி வேலைதான், அவ்வளவுதான் விசயம்.

2021-ல மறுபடி வேலைக்குப் போனேன். கொரோனால அவரு வேலை பாத்த காம்பாக்டிங் யூனிட்ல பாதிச் சம்பளம் ஆயிருந்துச்சு, அதனாலதான் போனேன், சாதிக்கணும்னு ஒண்ணும் கெளம்பல. இண்டர்வியூல "2013-க்கும் 2021-க்கும் நடுவுல என்னம்மா பண்ணீங்க"ன்னு கேட்டாங்க. சும்மாதான் இருந்தேன் சார்னு வாய்ல வந்துருச்சு. வெளிய வந்து படில எறங்கறப்ப அப்படியே அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. மாமனாருக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருசம் படுக்கைல கெடந்தப்ப தூக்கி ஒக்கார வச்சுக் குளிப்பாட்டி விட்டது யாரு, சும்மாவா இருந்தேன்?

வேலை கெடைச்சுது, பழைய சம்பளத்த விடக் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா எட்டு வருச வெலவாசிக்கு அது கொறைச்சல்தான். போனா ஒண்ணுமே புரியல. நான் விட்டப்ப பழைய வாட் வரி, அதுக்கு சி ஃபார்ம், ஜேஜே ஃபார்ம். 2017 ஜூலை ஒண்ணாந்தேதி ஜிஎஸ்டி வந்ததோட அதெல்லாம் போச்சு. இப்ப ஜிஎஸ்டிஆர் 1, 3பி, வண்டில சரக்கு போறதுக்கு இ-வே பில், ஓடிபி. எனக்குச் சொல்லிக் குடுத்தது 24 வயசுப் பையன், "அக்கா இது கூடத் தெரியாதா"ன்னு தெரியாத்தனமாக் கேட்டுட்டு அப்புறம் அவனே டீ வாங்கிட்டு வந்து குடுப்பான். முதல் மூணு மாசம் வீட்ல இருந்தப்ப இருந்ததையும் விட மோசமா இருந்தேன். பாத்ரூம்ல போய் அழுதுருக்கேன். வீட்டுக்கு வந்தா அதே 299 நிமிசம் அப்படியே காத்துக்கிட்டு இருக்கும். அந்த மூணு மாசத்துல எவளாச்சும் தன்னம்பிக்கைக்கு மார்க் போட்டிருந்தா நான் ஃபெயிலு. நாலாவது மாசம் ஒருநாள் அந்தப் பையன் லீவு, ஒரு இ-வே பில்லுல வண்டி நம்பர் தப்பா இருக்குன்னு டிரைவர் ஃபோன், நானே மாத்திவிட்டேன். ரெண்டு நிமிசம். அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்துக்கிட்டு ஒரு பரோட்டா பார்சல மடில வச்சுக்கிட்டு வந்தேன், யாருகிட்டயும் கேக்காம வாங்குனது.

பஸ்ஸுன்னதும் அத்தை கதைக்கு வரணும். அவங்களுக்கு 68 வயசு. எங்கயும் வேலைக்குப் போனதில்ல, ஊர்ல இருந்தப்ப மூணு மாடு வச்சிருந்தாங்க, சாணி அள்ளுறதுலருந்து பால் ஊத்துறது வரைக்கும் அவங்கதான், சொசைட்டில பால் கார்டு மாமா பேர்ல. அந்த சர்வேக்காரர் அப்ப வந்திருந்தா அத்தைக்கு 21 போட்டிருப்பாரு, கூடமாட ஒத்தாசை. மாடெல்லாம் வித்துட்டு இங்க வந்தப்புறம் அவிநாசி கோயிலுக்குப் போகணும்னா கூட மகன்கிட்ட பஸ் காசு கேட்டு, அவரு இந்தா அந்தான்னு இழுத்து, அது அப்படியே போயிரும். 2021 மே மாசம் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆச்சு. முதல்ல அத்தை நம்பவே இல்ல, எறக்கி விட்டுருவாங்கன்னு பயந்துக்கிட்டு கைல இருபது ரூபா முடிஞ்சு வச்சிருந்தாங்க. அப்புறம் வாராவாரம் அவிநாசி. அப்புறம் பெருமாநல்லூர்ல இருக்குற தங்கச்சி வீடு. ஒருநாள் நான் ஆபீஸ்லருந்து வந்தா வீடு பூட்டியிருக்கு, சாவி பூந்தொட்டிக்கு அடில.

2023 செப்டம்பர்ல உரிமைத் தொகை ஆயிரம் ரூபா ஆரம்பிச்சப்ப ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருத்தர்தான்னாங்க, அத்தை பேர்லயே எழுதிப் போட்டோம். நான் சம்பாதிக்கிறேன்ல. பணம் ஏறுன அன்னைக்கு அவங்கள ஏடிஎம்முக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பின் நம்பர மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தாங்க, நான் அமுத்தப் போனேன், கையத் தட்டி விட்டுட்டு அவங்களே ஒத்த வெரல்ல குத்திக் குத்தி அமுத்துனாங்க. என்னையும் அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொன்னாங்க, டிவில சொல்லிருக்காங்களாம் பின் நம்பர யாருக்கும் காட்டக் கூடாதுன்னு. ஆயிரத்த எண்ணி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, "வா, உனக்கு ஒரு டீ வாங்கித் தர்றேன்"னாங்க. கல்யாணமாகி பதினாலு வருசத்துல அவங்க எனக்கு வாங்கிக் குடுத்த முதல் டீ அதுதான். ஆயிரம் ரூபாய்க்கு என்னத்த வாங்க முடியும்னு பேசுறவங்க பேசட்டும், எண்ணிப் பாக்குறவங்களுக்குத்தான் அது எவ்வளவுன்னு தெரியும்.

அதே வருசம் ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. புருசன் சவுதில இருந்து அனுப்புன காசுல வாங்குன சொத்துல, வீட்ல இருந்து குடும்பத்தப் பாத்துக்கிட்ட பொண்டாட்டிக்கும் சரிபாதி பங்கு இருக்குன்னு. சமையல்காரர் வேலை, வீட்டு வைத்தியர் வேலை, கணக்கு வழக்குப் பாக்குற வேலைன்னு ஜட்ஜ் வரிசையா எழுதியிருந்தாராம். ஆபீஸ்ல டீ டைம்ல படிச்சுட்டு வந்து ராத்திரி சாப்புடுறப்ப சொன்னேன். அவரு சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே "நம்மகிட்ட சொத்து எங்க இருக்கு பாதி குடுக்க"ன்னாரு. அத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க, அந்தம்மாவுக்குக் கெடைச்சுதா, நெசமாவே கெடைச்சுதான்னு. மாடு ஞாபகம் வந்திருக்கும்.

அந்தப் ப்ராஜெக்ட் பொண்ணு போன ஞாயித்துக்கெழமை மறுபடி வந்தா. 'பணிபுரியாதவர்' இன்னும் ஏழு பேர் கொறையுதாம். எங்க அத்தைய எழுதிக்கோன்னேன். அவ உள்ள போய் "பாட்டி, ஒரு பத்தே பத்து கேள்வி"ன்னு ஆரம்பிச்சா. அத்தை பவுடர் போட்டுக்கிட்டு இருந்தாங்க, கொண்டைல ஊசி குத்திக்கிட்டே, "வியாழக்கெழம வா கண்ணு, இப்ப எனக்கு நேரமில்ல, பஸ்ஸு போயிரும்"னாங்க.